மே மாதத்தில் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் தெருமுனையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் கிழக்குப் பக்க மதிலில் ஓரிடத்தில் மட்டும் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். மழையில் உதிர்ந்ததல்ல, கால் வைத்து ஏறி ஏறி உதிர்ந்தது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே வாயிற்கதவில் பூட்டு தொங்கும். மாலை ஐந்தரை மணி ஆனதும் மட்டையும் ஸ்டம்பும் முதலில் மதிலைத் தாண்டி உள்ளே விழும்; பின்னாலேயே ஏழெட்டுப் பையன்கள் குதிப்பார்கள். பத்து ஓவர் முடிவதற்குள் காவலாளி வந்து விரட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எவனாவது விழுந்து கையை முறித்துக்கொண்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

போன மே மாதம் அந்தப் பையன்களைக் காணோம். இரண்டு பேரைப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் பார்த்தேன். ஆளுக்கொரு போன். எட்டிப் பார்த்தால், இருவரும் ஆடிக்கொண்டிருந்தது கிரிக்கெட்தான்.

இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் போனைத் திட்டத் தொடங்குகிறார்கள். அடுத்து, “நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் கிட்டிப்புள், சடுகுடு, கிணற்றுக் குளியல்” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படி ஒரு பருவம் இருந்தது. அதைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டேன். ஆனால், அந்தக் கதையில் ஒன்றை வசதியாக விட்டுவிடுகிறோம். அறுவடை முடிந்த வயல் அன்று எல்லோருக்கும் பொது. ஏரி வற்றினால் அதுவும் மைதானம். தெருவில் எப்போதாவது ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போகும். வயல் மனையாகிவிட்டது, தெருவின் இரு பக்கமும் கார் நிற்கிறது. இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு கையில் போனையும் கொடுத்துவிட்டு, “ஏன்டா எந்நேரமும் படுத்தே கிடக்கிற?” என்று கேட்கும் சாமர்த்தியம் நம் தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளைச் சேர்ந்த 11 முதல் 17 வயது மாணவர்கள் 16 லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். 2016 நிலவரப்படி, அந்த ஒரு மணி நேரத்தை எட்டாதவர்கள் 81 சதவீதம். பெண் பிள்ளைகளில் 85 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம். இந்தியாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் எட்டவில்லை.

உலகச் சராசரியைவிட நாம் கொஞ்சம் தேவலை என்று தோன்றும். அதற்கு அந்த ஆய்வாளர்கள் ஊகித்துச் சொன்ன காரணங்களைப் படித்தபோது சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பையன்களின் நிலை சற்று மேலாக இருக்கக் காரணம், கிரிக்கெட் மோகமாக இருக்கலாமாம். பெண் பிள்ளைகளின் நிலை மேலாக இருக்கக் காரணம், அவர்கள் தலையில் விழும் வீட்டு வேலையாக இருக்கலாமாம். அதாவது, பையன் மதிலேறிக் குதிப்பதும் பெண் துணி துவைத்துக் குடம் சுமப்பதும்தான் நம் நாட்டின் மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. பையன் இப்போது டீக்கடை பெஞ்சுக்குப் போய்விட்டான். வாஷிங் மெஷின் வந்த வீட்டுப் பெண், அந்த நேரத்தை மைதானத்தில் கழிக்கவில்லை, டியூஷனில் கழிக்கிறாள்.

விடுமுறை என்றாலே ஓட்டம், ஆட்டம் என்று நம் மனதில் ஒரு படம் பதிந்துபோயிருக்கிறது. நடப்பு அதற்கு நேர்மாறு. பள்ளி நாளில் பிள்ளையின் உடல், யாரும் திட்டமிடாமலேயே கணிசமாக அசைகிறது. பஸ் நிறுத்தம் வரை நடை, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், மாடிப்படி, காலைக் கூட்டம், இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் நடக்கும் தள்ளுமுள்ளு. லீவு விட்ட அன்றோடு இதெல்லாம் நின்றுவிடுகிறது. சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. டயரில் காற்று இறங்குகிறது. இரவு இரண்டு மணி வரை போன், காலை பதினொரு மணிக்கு எழுந்தால் சாப்பாடே முதல் வேலை, அதன் பிறகு ஃபேனுக்கு அடியில் மறுபடியும் போன். சாயங்காலம் பப்ஸ், இரவு பரோட்டா. பல வீடுகளின் மே மாத நாட்குறிப்பு இதுதான்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2010-இல் மழலையர் வகுப்பில் சேர்ந்த சுமார் 18 ஆயிரம் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் மூன்று கல்வியாண்டுகளுக்குத் தொடர்ந்து எடுத்த விவரங்களை, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பால் வான் ஹிப்பெல் ஆராய்ந்தார். உடல் பருமன் உள்ள குழந்தைகளின் விகிதம் 8.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாகக் கூடியிருந்தது. கூடியது எப்போது என்பதுதான் விஷயம். இடையில் வந்த இரண்டு கோடை விடுமுறைகளில்தான் அந்த ஏற்றம் முழுவதும் நடந்திருந்தது; பள்ளி நடந்த மாதங்களில் ஏறவே இல்லை. அவர்கள் சிறு குழந்தைகள், நாடும் வேறு. ஆனாலும், வேளைக்குச் சாப்பிட வைத்து, வேளைக்கு எழுப்பி, கொஞ்சமாவது நடக்கவும் வைப்பது பள்ளிதான் என்பது நமக்கும் பொருந்தும். அம்மா சொல்லைக் கேட்கும் ஆறு வயதுக் குழந்தைக்கே இப்படியென்றால், கதவைச் சாத்திக்கொள்ளும் பதினைந்து வயதுக்காரனை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் விடுமுறை என்று ஒன்று கிடைப்பவர்களுக்குத்தான். பத்தாம் வகுப்பு முடித்தவனுக்கும் பிளஸ் ஒன் எழுதியவளுக்கும் அது பெயரளவில் மட்டுமே இருக்கிறது. கோடையில் ஸ்பெஷல் கிளாஸ் நடத்தக் கூடாது என்று கல்வித் துறை அறிவுறுத்துவதும், சீருடை வேண்டாம், கலர் டிரஸ்ஸில் வாருங்கள் என்று சில தனியார் பள்ளிகள் அதற்கு வழி கண்டுபிடிப்பதும் பழகிப்போன நாடகம். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நீட் தேர்வு மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதற்குத் தயாராகும் பிள்ளைகள் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஏ.சி. அறையில் நாற்காலியோடு ஒட்டிக்கிடக்கிறார்கள். ரீல்ஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும், இயற்பியல் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும், முதுகெலும்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், இரண்டாவது வகைச் சோம்பலை எந்தப் பெற்றோரும் திட்டுவதில்லை. அதற்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறோம்.

வெயிலைச் சொல்வார்கள். நியாயமான காரணம்தான். கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பச் சொன்னால் என்னைத்தான் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். 2023-இல் ஜூன் 1 என்று அறிவிக்கப்பட்ட பள்ளித் திறப்பு, வெயிலால் இரண்டு முறை தள்ளிப்போனது. 2024-இலும் ஜூன் 6 என்பது 10 ஆனது. ஆனால், காலை ஆறு மணிக்கும் சூரியன் உண்டு. ஆறரைக்குப் பிறகு அந்தி உண்டு. அதற்கப்புறம் மின்விளக்கும் உண்டு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் கோடையில் அதிகாலையிலேயே தொடங்கி முற்பகலுக்குள் பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள். வெயிலுக்குத் தக்கபடி நேரத்தை மாற்றிக்கொள்ளும் அந்த அறிவு பள்ளி மைதானத்தின் பூட்டுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

இந்த வயதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? வளர்ந்த பிறகு ஜிம்முக்குப் போய்ச் சரிசெய்துகொள்ள முடியாதா? தசையை ஓரளவு சரிசெய்யலாம். எலும்பு அப்படிக் காத்திருக்காது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில், வளர்ந்த மனிதரின் எலும்பில் இருக்கும் தாதுச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு இது பன்னிரண்டு, பதின்மூன்று வயதையும், ஆண்களுக்குப் பதினான்கு வயதையும் ஒட்டி நடக்கிறது. ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் காலம். அந்தச் சேமிப்பு ஒழுங்காக நடக்க, குதிக்க வேண்டும், ஓட வேண்டும், எலும்பின் மேல் பாரம் விழ வேண்டும். ஐம்பது வயதில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கும் ஒரு பெண்ணிடம், அவள் எட்டாம் வகுப்பு லீவில் என்ன செய்தாள் என்று எந்த மருத்துவரும் கேட்கப்போவதில்லை.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வைக் குறைபாடு பெருகியதைக் கண்டு மிரண்ட தைவான், 2010 முதல் பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று பள்ளிகள் வழியாக வலியுறுத்தியது. அங்கே வு பெய்-சாங் என்ற கண் மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரு தொடக்கப் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவது. பக்கத்துப் பள்ளியில் வழக்கம்போல விட்டுவிடுவது. ஓராண்டு கழித்து, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் முதல் பள்ளியில் 8.41 சதவீதம், இரண்டாவது பள்ளியில் 17.65 சதவீதம். மருந்தில்லை, செலவில்லை; வெளியே அனுப்பியது மட்டும்தான். நம் பிள்ளைகளோ விடுமுறை முழுக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருக்கிறார்கள்.

சரி, வெளியே போகிறேன் என்று ஒரு பிள்ளை எழுந்தால் எங்கே போவது? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009-லேயே எழுதிவைத்திருக்கிறது. திடல் இல்லாத பள்ளிகளை மூடவும் அரசு தயங்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது. இங்கே நகரங்களில் எத்தனையோ பள்ளிகள் மாடிக்கு மேல் மாடி கட்டி, வாகனம் நிறுத்தும் இடத்தில் யோகா நடத்துகின்றன. மைதானம் தனியாரின் கைக்குப் போனதும் அதற்கு ‘டர்ஃப்’ என்று பெயர் வந்துவிட்டது. மணிக்கு ஆயிரம் ரூபாய் என்பது இன்று சாதாரண வாடகை. 2025-இல் சென்னை மாநகராட்சியே தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. ஊரே எதிர்த்த பிறகு அதைக் கைவிட்டது. நல்லது. ஆனால், அப்படி ஒரு யோசனை மன்றம் வரை வந்து நிறைவேறியதே, அதை மறக்க முடியவில்லை. தினக்கூலிக்காரரின் மகன் ஒரு மணி நேரம் பந்து உதைக்க 120 ரூபாய்!

இதுவரை பையன்களைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன். மதிலேறும் பையனுக்காவது ஏற ஒரு மதில் இருக்கிறது. பெண் பிள்ளைகளின் விடுமுறை வேறு மாதிரி. வயதுக்கு வந்ததோடு தெருவில் விளையாடுவது முடிந்துபோகிறது. எவரும் உத்தரவு போடுவதில்லை, எதிர்வீட்டுக்காரரின் ஒரு பார்வை போதும். பள்ளி நடக்கும்போது உடன் படிக்கும் தோழிகளோடு எறிபந்தோ கோகோவோ ஆட பி.டி. பீரியட் என்று ஒன்றாவது இருந்தது. லீவில் அம்மா வேலைக்குப் போகிற வீடாக இருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் சோறு வடிப்பதும் இவள் பொறுப்பு. மாலையில் கோயில் வரை போய்வந்தால் அதுவே பெரிய பயணம். மைதானத்துக்கு அனுப்பலாமே என்றால் பெற்றோர் கேட்கும் கேள்விகள் மூன்று: அங்கே யார் இருப்பார்கள்? கழிப்பறை திறந்திருக்குமா? இருட்டுவதற்குள் எப்படித் திரும்புவாள்? மூன்றுக்கும் நம்மிடம் பதில் இல்லாதபோது அவர்களைப் பிற்போக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடியவர் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதி அது. தமிழ்நாடே கொண்டாடியது; கொண்டாட வேண்டியதுதான். 2024 ஜனவரியில் இங்கு நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் 38 தங்கத்தோடு தமிழ்நாடு இரண்டாம் இடம் பிடித்ததும் பெருமைதான். ஆனால், பதக்கப் பட்டியலைப் பார்த்து நம் பிள்ளைகள் நன்றாக ஓடியாடுகிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். விளையாட்டுத் துறையின் கண் திறமையைத் தேடுகிறது. கார்த்திகாவின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, எந்த அணியிலும் எடுக்கப்படாத, ஓடினால் சீக்கிரம் களைத்துப்போகிற பிள்ளையைத் தேடுவது எந்தத் துறையின் வேலை? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் எடை அதிகம். அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைகள் வளர்ந்து சேர்ந்த இடம் அது.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைக்காலப் பயிற்சி முகாம்களை ஆண்டுதோறும் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. மாவட்டத் தலைநகர ஸ்டேடியத்தில் காலை ஆறரைக்கு முகாம் தொடங்கினால், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்ப் பிள்ளை எந்த பஸ்ஸைப் பிடித்து வருவாள் என்பதுதான் சங்கடம். இன்னொரு பக்கம், எந்த ஏற்பாடும் இல்லாத ஊர்களில் பிள்ளைகள் தாங்களாகவே கிணற்றுக்கும் கல்குவாரிக் குட்டைக்கும் போகிறார்கள். நீச்சல் தெரியாமல் மூழ்கி இறந்த மாணவர்களின் செய்தி இல்லாமல் ஒரு கோடைகூடக் கழிவதில்லை. அந்தச் செய்தியைப் படித்த பத்து ஊர்களின் பெற்றோர், பிள்ளைகளை இன்னும் இறுக்கமாக வீட்டுக்குள் வைக்கிறார்கள்.

கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம், முடிந்தால் தங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுக்கட்டும் என்று உதயநிதி ஸ்டாலின் மேடையில் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். மாணவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். பி.டி. பீரியடைக் காப்பது தேவைதான். ஆனால், யாரும் கடன் கேட்காத, சிலபஸ் துரத்தாத, வாரத்துக்கு ஏழு நாளும் கிடைக்கிற நேரம் ஒன்று இருக்கிறதென்றால் அது கோடை விடுமுறை. அப்போதுதான் மாநிலத்தின் 37 ஆயிரத்துக்கும் அதிகமான அரசுப் பள்ளிகளின் கதவுகளைச் சாத்துகிறோம். இன்னொரு கூத்தும் உண்டு. 2012-இல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். நெடுங்காலம் அவர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. வருடத்துக்குப் பதினோரு மாதம்தான். அதைக் கேட்டும் பலமுறை போராடினார்கள். பிள்ளைகள் விளையாட நேரம் கிடைக்கும் ஒரே மாதத்தில், விளையாடக் கற்றுக்கொடுப்பவர் சம்பளமில்லாமல் வேறு வேலை தேடிப் போகும்படி வைத்திருந்த நிர்வாகத்தை என்ன சொல்வது?

ஆகவே, கேட்பது பெரிய திட்டமல்ல. ஏப்ரல் கடைசி வாரம் முதல் பள்ளி திறக்கும் வரை, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம், மைதானம் உள்ள ஒவ்வோர் அரசுப் பள்ளியின் கதவும் திறந்திருக்க வேண்டும். வகுப்பறைகள் பூட்டியே இருக்கட்டும். கழிப்பறையும் குடிநீரும் போதும். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்களுக்கு மே மாதத்துக்கு முழுச் சம்பளம் கொடுத்து அங்கே நிற்கச் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று மாலைகளைப் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குங்கள். முடிந்த இடங்களில் அன்று பெண் ஆசிரியர் இருக்கட்டும். போட்டி வேண்டாம், கோப்பை வேண்டாம், தேர்வு முகாம் வேண்டாம். ஸ்கிப்பிங் ஆடுகிறவள் ஆடட்டும், வெறுமனே சுற்றி நடக்கிறவன் நடக்கட்டும்.

மறுப்புகள் வரும். இரவில் குடிக்கிறவர்கள் புகுந்துவிடுவார்கள் என்பார்கள். பூட்டிய மைதானங்களில் ஜூன் மாதம் பாட்டில் பொறுக்கும் தலைமையாசிரியர்களைக் கேட்டால், அவர்கள் ஏற்கெனவே புகுந்துவிட்டது தெரியும். ஆள் நடமாட்டம் உள்ள மைதானத்துக்கு அவர்கள் வருவதில்லை. அடிபட்டால் யார் பொறுப்பு என்பார்கள். பள்ளி நாளில் யாரோ, அவரேதான். இதை ஓர் அரசாணையில் ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுதாதவரை எந்தத் தலைமையாசிரியரும் சாவியைத் தர மாட்டார், தரவும் முடியாது. ஆட்கள் இல்லை என்பார்கள். 2021 ஏப்ரல் 6 அன்றும் 2024 ஏப்ரல் 19 அன்றும் இதே பள்ளிகள் வாக்குச்சாவடிகளாயின. சாய்தளம் வந்தது, பந்தல் வந்தது, குடிநீர் வந்தது, விளக்கு வந்தது, காவலுக்குப் போலீஸும் வந்தது. ஓட்டுப்போட அந்தப் பையனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்பதற்காக அவனை வெளியே நிறுத்துவது சரியா?

2024-இல் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கிரிக்கெட் மட்டை, கால்பந்து, வாலிபால், ஸ்கிப்பிங் கயிறு என்று உங்கள் ஊருக்கும் ஒரு தொகுப்பு வந்திருக்க வேண்டும். இந்த ஏப்ரலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அப்படியே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போங்கள். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. லீவில் மைதானத்துச் சாவி யாரிடம் இருக்கும் என்று அங்கே கேட்டு, கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.